சதுரங்கத் தரப்புள்ளியும் இயந்திரக் கணக்குகளும்

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம் வழியாகச் செல்லும் சாலையில், மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த தேவாரம் போன்ற ஓர் ஊரில், சதுரங்கத்தில் மெய்யான நாட்டம் கொண்ட ஒரு சிறுவனோ சிறுமியோ தன் திறமை எவ்வளவு என்று அறிய விரும்பினால், அக்குழந்தைக்கு எளிதில் கைக்கெட்டும் அளவுகோல் ஒன்றே. அது கைபேசித் திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் தோன்றும் நான்கு இலக்க எண். சென்னையில் வளரும் குழந்தைக்குச் சங்கங்கள் உண்டு, வார இறுதிப் போட்டிகள் உண்டு, பழுத்த ஆட்டக்காரர்களின் சகவாசம் உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தின் ஆதரவோடு தொடங்கிய டால் சதுரங்கச் சங்கத்தில் ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த், 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராக உயர்ந்தார் என்றால், அந்த உயர்வில் அவருடைய பிரதிபைக்கு இருந்த பங்கோடு, நாள்தோறும் எதிரே வந்து அமர்ந்த மனிதர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊரில் அந்த மனிதர்களின் இடத்தை இணையச் சர்வர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் குறை கூற ஒன்றுமில்லை, நன்மையே பெரிது. ஆனால் அந்தச் சர்வரில் எதிரே இருப்பது எப்பொழுதும் மனிதர்தாமா என்பதும், மனிதரல்லாத ஒன்று ஆட்டத்துக்குள் புகுந்தால் அந்த நான்கு இலக்க எண் என்ன ஆகிறது என்பதும் நிதானித்து ஆராயத்தக்க கேள்விகள். ரேட்டிங் என்று வழங்கும் தரப்புள்ளி ஒருவருடைய அறிவின் எடை அன்று, ஒரு கூட்டத்துக்குள் அவர் நிற்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே. ஆகவே கூட்டத்தின் தன்மையை இயந்திரங்கள் மாற்றும்போது, ஓர் இயந்திரத்தோடு ஒருமுறைகூட ஆடாதவருடைய எண்ணும் பொருள் திரிந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணின் பிறப்பு

இந்த முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த அர்பாத் ஈலோ. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960-லும், உலகச் சம்மேளனமாகிய ஃபிடே 1970-லும் அவருடைய முறையை ஏற்றுக்கொண்டன. முறையின் சாரம் எளியது. இருவருடைய புள்ளிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, அவர்கள் பலமுறை மோதினால் யார் எத்தனை பங்கு வெற்றி பெறுவார் என்று முன்கூட்டி அனுமானிக்கலாம். வித்தியாசம் இல்லையென்றால் சரிபாதி. 200 புள்ளி என்றால் மேலவருக்கு நூற்றுக்கு 76 பங்கு. 400 புள்ளி என்றால் 91 பங்கு. அனுமானத்துக்கு மேல் ஆடினால் எண் ஏறும், கீழே ஆடினால் இறங்கும்.

கூர்ந்து பார்த்தால் இங்கே வித்தியாசத்துக்கு மட்டுமே அர்த்தம் உண்டு என்பது புலனாகும். நாளைக் காலை ஒரு சர்வரில் உள்ள அனைவருக்கும் 500 புள்ளியைக் கூட்டிவிட்டால் எந்த ஆட்டத்தின் அனுமானமும் மாறாது. 1500 என்ற எண் அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்குபவை சுற்றியுள்ள மற்ற எண்களே. மேலும், இம்முறை சில எடுகோள்களின்மேல் கட்டப்பட்டது. ஆடுபவர் தம் வழக்கமான திறனைச் சுற்றியே சற்று மேலும் கீழுமாக ஆடுவார். அவருடைய திறன் மெல்ல மெல்லவே மாறும். முதலாமவரை விட இரண்டாமவரும், இரண்டாமவரை விட மூன்றாமவரும் வல்லவரென்றால், மூன்றாமவர் முதலாமவரை எளிதில் வெல்வார். களைப்பும் பயமும் மறதியும் உள்ள மனிதர்கள் இந்த எடுகோள்களுக்கு ஏறக்குறையக் கட்டுப்படுகிறார்கள். இயந்திரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பெயர் சொல்லி வந்த இயந்திரங்கள்

இணையத்தின்வழி சதுரங்கம் ஆடும் முதல் பொதுச் சர்வர் 1992 ஜனவரியில் தொடங்கியது. 1995-ல் அது கட்டணம் பெறும் இன்டர்நெட் செஸ் கிளப்பாக மாறியபொழுது, அம்மாற்றத்தை விரும்பாதவர்கள் ஒன்றுகூடி இலவசச் சர்வர் ஒன்றைத் தனியே நிறுவினார்கள். இவ்விரண்டிலும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் பகிரங்கமாகவே கணக்கு வைத்து ஆடின. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'சி' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். இயந்திரத்தோடு ஆட விரும்பாதவர் அதை விலக்கிவைக்கும் வசதியும் இருந்தது. இன்று லிசெஸ் சர்வரும் இந்த மரபையே பின்பற்றுகிறது. 2018 முதல் 'பாட்' என்ற பட்டத்தோடு இயந்திரக் கணக்குகளை அனுமதித்து, அவை மனிதரோடு தரப்புள்ளி ஆட்டம் ஆடவும் இடம் கொடுத்து, அவற்றின் பட்டியலைத் தனியே வைத்திருக்கிறது.

இவ்விதம் நேர்மையாகப் பெயர் சொல்லிக்கொண்ட கணக்குகளுங்கூடத் தரப்புள்ளியைத் திரிக்கின்றன என்பதுதான் கவனிக்கவேண்டிய விசேஷம். முதலாவது, ஓர் இயந்திரத்தின் பலம் நிலையானதன்று. இரவோடிரவாக அதன் உரிமையாளர் புதிய பதிப்பை ஏற்றினாலோ, வேகமான கணினிக்கு மாற்றினாலோ, பெயர் பழையதாகவே இருக்க ஆட்டம் வேறாகிவிடுகிறது. நேற்றைய இயந்திரம் ஈட்டிய எண்ணை இன்றைய இயந்திரம் சுமக்கிறது. இரண்டாவது, நேரம். ஐந்து நிமிட ஆட்டத்தில் மனிதர் தடுமாறும் அளவுக்கு இயந்திரம் தடுமாறுவதில்லை. ஆகையால் ஒரே இயந்திரத்துக்கும் ஒரே மனிதருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நேர அளவைப் பொறுத்துப் பெரிதும் மாறிவிடும்.

மூன்றாவது, பலவீனத்தின் வகை. மனிதர் ஒருமுறை விழுந்த குழியில் மறுமுறை விழத் தயங்குவார். தொடக்க நகர்த்தல்களை ஒரே விதமாக ஆடும் புரோகிராமோ, அதை வீழ்த்தும் ஒரு பாதையை யாரேனும் கண்டுபிடித்துவிட்டால், அதே பாதையில் பத்துத் தடவையும் விழும். கண்டுபிடித்தவர் தம் ஆட்டத்தில் அணுவளவும் முன்னேறாமலே புள்ளிகளை அறுவடை செய்துகொள்ளலாம். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நாகமுரா 2008-ல் இன்டர்நெட் செஸ் கிளப்பில், அக்காலத்தின் மிக வலிய புரோகிராமாகிய ரிப்காவை மூன்று நிமிட ஆட்டம் ஒன்றில் 271 நகர்த்தல்களில் தோற்கடித்தார். சிப்பாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துப் பலகையை மூடிவிட்டு, செய்வதற்கு ஏதுமற்ற நிலையிலும் தனக்கே அநுகூலம் என்று மதிப்பிட்ட இயந்திரம் பொறுமையிழந்து பாதையைத் திறந்து கொடுக்கும்வரை காத்திருந்ததே அவர் கையாண்ட உபாயம். அந்த வெற்றியில் அவர் பெற்ற புள்ளி, மனிதர்களை வெல்லும் ஆற்றலைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

நான்காவதுதான் மிக ஆழமானது: மூடிய கூட்டம். இயந்திரக் கணக்குகள் இரவு பகலாகத் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும்போது, அவற்றின் எண்கள் மனிதர் கூட்டத்திலிருந்து கழன்று வேறு வழியில் மிதக்கத் தொடங்குகின்றன. போடி ஏலக்காய்ச் சந்தையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒருமுறை ஏலத்தில் விற்றுப்போன காயையே மீண்டும் மூட்டை கட்டி அடுத்த ஏலத்துக்குக் கொண்டுவருவதை 'ரீபூலிங்' என்று சொல்லி விவசாயிகள் நெடுங்காலமாக ஆட்சேபித்து வருகிறார்கள், ஏனென்றால் ஒரே சரக்கு சுற்றிச் சுற்றி வரும்போது வரத்தும் சராசரி விலையும் ஏட்டில் பதிவாகுமே தவிர, அந்த எண்கள் மலையில் விளைந்த காயைப் பற்றி உண்மை பேசமாட்டா. சதுரங்கத்தில் இதற்கு இயந்திரம்கூட அவசியமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுள்கைதியாக இருந்த கிளாட் பிளட்குட், சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1996-ல் 2700-ஐத் தாண்டிய தரப்புள்ளியோடு அந்நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். அவர் மோசம் செய்தாரா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, மதில் சூழ்ந்த ஒரு கூட்டத்தில் விளைந்த எண்ணை வெளியுலகின் எண்ணோடு ஒப்பிடலாகாது என்பது அதனால் பிரத்தியட்சமாயிற்று. புரோகிராம்களைத் தரப்படுத்தி வந்த சுவீடன் நாட்டுச் சங்கம் 2000-ல் தன் பட்டியல் முழுவதையும் 100 புள்ளி கீழே இறக்கியது. எந்த இயந்திரமும் ஒரே நாளில் மூடமாகிவிடவில்லை. அந்த எண்கள் மனிதர் எண்களோடு பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே.

மனிதர் பெயரில் ஆடும் இயந்திரங்கள்

பெயர் சொல்லாமல் வரும் இயந்திரமே பெருந்தீங்கு. மனிதர் ஒருவர் கணக்கைத் திறந்து, பக்கத்திலேயே என்ஜின் எனப்படும் சதுரங்கப் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, அது சொல்லும் நகர்த்தலைத் தம் நகர்த்தலாக ஆடுகிறார். இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 20 புள்ளி மாறும் என்ற ஈலோ முறையில், 1500-ல் தொடங்கும் இப்படிப்பட்ட கணக்கு, தனக்குச் சமமான எண்ணுடையவர்களையே தேடி வென்றால் ஆட்டத்துக்கு 10 புள்ளி பெறும். நூறு வெற்றியில் 2500-ஐ எட்டும். அந்த 1000 புள்ளி வானத்திலிருந்து விழவில்லை. நூறு மனிதர்களிடமிருந்து ஆளுக்குப் பத்தாகப் பறிக்கப்பட்டது. பிறகு சர்வர் அக்கணக்கை மூடினால் அத்தனை புள்ளியும் கூட்டத்தை விட்டே மறைந்துபோகும். மீதியிருப்போர் தம் திறன் குறையாமலே எண்ணில் தாழ்ந்து நிற்பார்கள்.

பல சர்வர்கள் இன்று பயன்படுத்துவது மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் வகுத்த கிளிக்கோ முறை அல்லது அதன் வழிவந்த முறை. இதில் ஒவ்வோர் எண்ணோடும் அந்த எண் எவ்வளவு நிச்சயமானது என்ற இரண்டாவது அளவும் சேர்ந்திருக்கும். புதியவருக்கு 1500 என்ற எண்ணும் 350 என்ற நிச்சயமின்மையும் கொடுக்கப்படுகின்றன. அவர், 1500-ல் நிலைபெற்று 50 என்ற குறைந்த நிச்சயமின்மை உடைய ஒருவரை ஓர் ஆட்டத்தில் வென்றால், கிளிக்கோ சூத்திரத்தின்படி புதியவருக்கு ஏறத்தாழ 175 புள்ளி ஏறும். பழையவருக்கு ஏறத்தாழ 5 புள்ளியே இறங்கும். தோற்ற மனிதருக்கு இது நல்ல பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடையிலுள்ள 170 புள்ளி சூனியத்திலிருந்து உற்பத்தியானது. அடுத்தடுத்துப் புதுக் கணக்குகளைத் திறப்பவர், ஈலோ முறையில் கூட்டத்தை வறளச் செய்வதுபோலவே, இங்கே அதை வீங்கச் செய்கிறார். முறை மாறினால் திரிபின் திசை மாறுகிறதே ஒழிய, திரிபு ஒழிவதில்லை.

செஸ்.காம், லிசெஸ் போன்ற சர்வர்கள் மோசக் கணக்கைக் கண்டு மூடியதும், அதனிடம் தோற்றவர்களுக்குப் புள்ளியைத் திருப்பித் தருகின்றன. நல்ல வழக்கமே, ஆனால் பூரணமான பரிகாரம் ஆகாது. 1500-ல் இருந்த ஒருவர் என்ஜினிடம் 10 புள்ளி இழந்து 1490-ல் நிற்கையில், 1500 உடைய மற்றொருவரிடம் தோற்றால், அம்மற்றொருவர் பெறுவது 10 அன்று, சுமார் 9.7. முதலாமவருக்கு அவருடைய 10 திரும்பி வரும். இரண்டாமவர் இழந்த அந்தத் துளியைத் தேடிக் கொடுப்பார் எவருமில்லை. துளி அற்பமானதே. ஆனால் ஒரு கணக்கு நூறு பேரைத் தொட்டு, அந்த நூறு பேர் ஆயிரம் பேரைத் தொட்டு, இப்படிப்பட்ட கணக்குகளும் பலவாக இருக்கும்போது, எவரும் குற்றம் செய்யாத இடத்திலும் எண் அசைகிறது. இதனினும் மோசமானது சந்தேகம். முகம் தெரியாதவரிடம் தோற்றவர், அது என்ஜினாக இருக்குமோ என்று ஐயுற்றுப் பழகியவர்களோடு மட்டும் ஆடத் தொடங்கினால், பெருங்கூட்டம் பல சிறு கூட்டங்களாகப் பிளந்து, நாம் மேலே கண்ட மூடிய கூட்டத்தின் நோய் மனிதரையும் பற்றிக்கொள்ளும்.

இந்தியாவில் இதற்கு இணையத்துக்கு வெளியேயும் முன்னுதாரணம் உண்டு. 2006-ல் டில்லியில் நடந்த போட்டி ஒன்றில், தொப்பிக்குள் தைத்து மறைத்த புளூடூத் கருவியோடு ஓர் ஆட்டக்காரர் பிடிபட்டு, அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனத்தால் 10 ஆண்டுகள் தடைசெய்யப்பட்டார். அதற்கு முந்தைய சுமார் ஒன்றரை ஆண்டுகளில் அவருடைய தரப்புள்ளி 500 அளவுக்கு ஏறியிருந்தது. எண்ணின் அந்த அசாதாரணமான வேகமே சக ஆட்டக்காரர்களின் ஐயத்துக்கு ஒரு காரணமாயிற்று.

2021 ஜூன் 13 அன்று, தொற்றுநோய் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரமுகர்கள் பலரோடு ஒரே நேரத்தில் செஸ்.காமில் ஆடியபொழுது, தொழிலதிபர் நிகில் காமத் அவரைத் தோற்கடித்தார். மறுநாளே, பிறருடைய உதவியோடும் கணினியின் உதவியோடும் ஆடியதாக அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். சர்வர் அவர் கணக்கை முடக்கியது. ஆனந்த் அதை மேற்கொண்டு தொடர விரும்பாததால் பின்னர் விடுவித்தது. தரப்புள்ளிக்குத் தொடர்பில்லாத தரும காரியம் அது. ஆயினும் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரைச் சாமானியர் ஒருவர் வெல்வதற்குப் பக்கத்தில் ஒரு திரை போதும் என்பதை நாடு முழுவதும் கண்டுகொண்டது.

அதே ஆண்டு இந்தோனேசியாவில் 'தேவா கீபஸ்' என்ற கணக்கு, குறுகிய காலத்தில் மிக வேகமாக ஏறியதன்பின் செஸ்.காமால் மூடப்பட்டது. உரிமையாளர் தாம் எந்த உதவியும் பெறவில்லை என்றே வாதிட்டார். நாட்டில் பெரிய பரபரப்பு எழுந்தது. மார்ச் மாதத்தில் அவரையும், அந்நாட்டின் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஐரீன் சுகந்தரையும் எதிரெதிரே அமரவைத்து நேரடி ஒளிபரப்பில் ஆடச்செய்தார்கள். மூன்று ஆட்டத்திலும் ஐரீனே வென்றார். பல நாள் வாதம் தீர்க்காத ஒரு வியவகாரத்தை, மனிதர் இருவர் ஒரே அறையில் அமர்ந்த ஒரு மாலை தெளிவுபடுத்தியது.

பயிற்சிக்கு வைத்த பொம்மைகள்

மூன்றாவது வகை, சர்வரே பயிற்சிக்கென அமைத்து, பெயரும் முகமும் 1000, 1500 என்று எண்ணும் ஒட்டிவைத்திருக்கும் பாட்கள். இவற்றில் வஞ்சனை இல்லை. ஆனால் பிள்ளைகளை அதிகம் மயக்குபவை இவையே. வலிய புரோகிராம் ஒன்றை வேண்டுமென்றே பலவீனமாக்கும் வழிகளுள் ஒன்று, இடையிடையே தவறான நகர்த்தலை ஆடச் செய்வது. அதனால் இருபது நகர்த்தல்கள் பெருந்தேர்ச்சியோடு ஆடிய பாட், இருபத்தோராவதில் ராணியை இனாமாகக் கொடுத்துவிடும். அந்த 1500-ஐ வென்ற குழந்தை தானும் 1500 என்று நம்புகிறது. 1500 உடைய மனிதர் அப்படி ராணியைக் கொடுக்கமாட்டார் என்பதை முதல் போட்டியில்தான் கண்டுகொள்கிறது.

மனிதரைப் போலவே பிழை செய்யும் இயந்திரத்தைச் செய்ய முயன்றவர்களுக்கும் எண் வசப்படவில்லை. 2020-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தாரும் அவர்களோடு சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும், லிசெஸில் பதிவான மனித ஆட்டங்களைக் கற்பித்து மாயா என்ற புரோகிராமை உருவாக்கினார்கள். அதில் ஒரு வடிவம் 1100 புள்ளி உடையவர்களின் ஆட்டங்களை மட்டும் பயின்றது. ஆனால் அதையே சர்வரில் பாட்டாக ஆடவிட்டபொழுது அதன் எண் 1100-ஐ விட நூற்றுக்கணக்கில் உயர்ந்து நின்றது. காரணம் சுவாரஸ்யமானது: அது ஒவ்வொரு நிலையிலும் பெரும்பாலோர் ஆடக்கூடிய நகர்த்தலை ஆடுகிறது; தனி மனிதர் ஒவ்வொருவரும் செய்யும் அபூர்வமான பெரும்பிழைகள் பெரும்பாலோரின் தீர்ப்பில் கரைந்துபோகின்றன. 1100 உடைய பலரின் கூட்டு யோசனை 1100 உடைய ஒருவரின் யோசனையினும் மேலானது.

அடிவாரத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன

திரிபு எல்லாரையும் ஒரேபோலத் தாக்குவதில்லை. ஃபிடே தரப்புள்ளியும் போட்டி அனுபவமும் உள்ளவர் சர்வர் எண்ணை விளையாட்டாகக் கொள்வார். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கோல் உண்டு. பெற்றோர் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட, ஓய்வுநேரத்தில் கைபேசியில் ஆடும் குழந்தைக்கு அந்த எண்ணே ஆசான், அதுவே பரீட்சகர். 1400-லேயே நின்றுவிட்டோம் என்று அது சோர்ந்தால், அந்தத் தேக்கத்தில் தன் பிழை எவ்வளவு, எதிரே இருந்த என்ஜின்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஆளில்லை.

உலகச் சம்மேளனத்தின் பட்டியலே இந்தக் காலத்தின் அதிர்வுக்குத் தப்பவில்லை. தொற்றுநோய் ஆண்டுகளில் நேர்ப்போட்டிகள் நின்றுபோக, இளைஞர்கள் வீட்டிலிருந்து இணையத்திலும் என்ஜின்களோடும் பயின்று மிக வளர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய எண்ணோ பழைய இடத்திலேயே இருந்தது. போட்டிகள் மீண்டும் தொடங்கியதும், தாழ்ந்த எண்ணும் உயர்ந்த திறனும் கொண்ட இச்சிறுவர்களிடம் மற்றவர்கள் புள்ளி இழந்தார்கள். எண்களின் இத்தகைய தாழ்ச்சியைச் சரிசெய்ய, 2024 மார்ச் 1 முதல் ஃபிடே, 2000-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு அவர்கள் எண்ணுக்கும் 2000-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டிக்கொடுத்தது. 1000 உடையவர் 1400 ஆனார், 1500 உடையவர் 1700 ஆனார். வஞ்சனை எதுவும் இன்றியே, கூட்டம் மாறினால் எண் பொருளிழக்கும் என்பதற்கு அதிகாரபூர்வமான சாட்சியம் இது.

இனிச் செய்யத்தக்கது என்ன? சர்வர் நடத்துவோர் இயந்திரக் கணக்கைப் பட்டத்தோடு தனித்து நிறுத்துவதோடு அமையாமல், அதனோடு ஆடிய ஆட்டத்தை மனிதர் தரப்புள்ளியில் சேர்க்காதிருப்பதே நியாயம். பயிற்சி பாட்களுக்கு மனிதர் எண்ணைப்போன்ற எண்ணை ஒட்டாமல், எளிது, நடுத்தரம், கடினம் என்று சொன்னால் போதும். ஆனால் சர்வரின் திருத்தத்துக்காக ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் 2022-ல் ஒலிம்பியாடை நடத்திய மாநிலம் இது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற மாநிலமும் இதுவே. அந்தப் பெருமையின் ஒரு பங்கு மலையடிவாரத்துக்கும் வந்து சேர வேண்டுமானால், தேவாரத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் உள்ள பள்ளிகள் ஆண்டுக்குச் சில தடவையேனும், பத்துப் பலகையும் பத்துக் கடிகாரமும் வைத்து ஒருநாள் போட்டி நடத்த வேண்டும். பெற்றோர்க்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: கைபேசி காட்டும் எண்ணைப் பயிற்சிக் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள், எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருந்த பலகையில் பெற்ற எண்ணைக் கொண்டே உங்கள் பிள்ளையின் ஆட்டத்தை மதிப்பிடுங்கள்.